ஒரு நிமிடம் நாற்பத்தொன்று

ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன்.
யாரும் கேட்பதில்லை,
அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

டன்டினாங்கில், ஜனவரி வெயிலில்,
கார்க் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போட்டு,
பிளாஸ்டிக் சட்டைக்குள் உட்கார்ந்து
வெறும் போத்தலுக்குள் துப்பித் துப்பி
அறுபது கிலோவுக்குள் இறங்குவேன்.
ஒருமுறை நானூறு கிராம் மிஞ்சிவிட்டது.
தலைமயிரை ஒட்ட வெட்டித் தராசில் ஏறினேன்.
எழுபது கிராம்கூடக் குறையவில்லை.
அம்மாதான் அழுதா, அந்த எழுபதுக்கு.

சண்டை நடப்பது ஆர்.எஸ்.எல். கிளப்பில்,
சூதாட்ட இயந்திரங்களுக்கு அடுத்த மண்டபத்தில்.
எண்ணூறு டொலர். அதற்கும்
நாற்பது டிக்கெட் நானே விற்றுத் தரவேண்டும்.
ஓர் இரவு, இரண்டாம் சுற்றில்,
சுவருக்கு அப்பால் யாருக்கோ காசு கொட்டியது.
அந்த மணியைச் சுற்றின் முடிவென்று நம்பிக்
கையை இறக்கினேன்.
மூக்கு அன்றைக்கு உடைந்ததுதான்.

வலித்தால் காட்டாதே.
பதினொரு வருடத்தில் கற்றது இவ்வளவே.
விலாவில் வாங்கினால் சிரி.
ஒரு கண் வீங்கினால்
மற்றதால் அவளை இன்னும் உற்றுப் பார்.

அந்தச் சமன், பலராட்டின் கெரின் டூலனோடு.
எட்டுச் சுற்று.
அவள் வியர்வை என் வாய்க்குள் உப்புக் கரித்தது.
முடிவைச் சொன்னபோது இரண்டு பேரும்
ஒரே கெட்ட வார்த்தையை
ஒரே மூச்சில் சொன்னோம்.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
சுகிர்தா அமிர்தநாயகம்
திரையின் அடியில் அடங்காதாம்.
கோப்ரா என்றார்கள். பச்சை பச்சையாய்
மினுங்கும் ஓர் உடுப்பு.
கமராவைப் பார்த்துச் சீறச் சொன்னார்கள்.
நான் பிறந்ததே டன்டினாங் ஆஸ்பத்திரியில்.
நாகம் எப்படி இருக்கும் என்று பார்க்க
மிருகக்காட்சிசாலைக்குப் போனேன்.
அது நித்திரை.

ட்ராம் இழுத்தேன், பன்னிரண்டு மீற்றர்.
தொண்ணூற்றாறு கிலோக் கல்லை
நெஞ்சோடு அணைத்துத் தூக்கி மேடையில் வைத்தேன்.
இயக்குநர் தலையைச் சொறிந்தார்:
"சுகமாய்த் தூக்கிவிட்டாய். இன்னொரு தரம்.
இந்தமுறை கொஞ்சம் கஷ்டப்படு."

கஷ்டப்பட்டேன்.
கழுத்து நரம்பைப் புடைக்கவிட்டேன்,
முழங்காலை நடுங்கவிட்டேன்,
தொண்டையில் இல்லாத ஓர் ஓலத்தை
எங்கேயோ தேடி எடுத்தேன்.
நாடே பார்த்து உருகியதாம்.
அம்மாவும் அழுதா.
அது பொய்யம்மா என்றேன்.
"தெரியும்" என்றா. மூக்கைத் துடைத்துக்கொண்டா.

இறுதிப்போட்டி. வெளிப்பக்கம் சாயும் இரண்டு தூண்,
நடுவில் நான், கைக்கொரு சங்கிலி.
வென்றால் ஒப்பந்தம்:
இரண்டு வருடம், ஊர் ஊராய்,
கடைத்தொகுதி வாசல்களில் சீறவேண்டும்.

ஒரு நிமிடம் நாற்பத்தொன்றில்
விரல்கள் திறந்தன.
வாயைப் பிளந்து விழுந்தேன். அழகாக விழுந்தேன்.
மெதுவாக ஓடவிட்டு மூன்று தரம் காட்டினார்கள்.
வைத்தியர் முழங்கையை அமத்திப் பார்த்து
முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றார்.
நான் தலையாட்டினேன்.

ஒளிபரப்பான இரவு, பதினொன்றேகாலுக்கு
ஒரு குறுஞ்செய்தி.
ஏழு வருடமாகப் பேசாத எண்.

"முந்திக் கைவிட்டாய்.
களைத்தால் உன் இடது தோள் இறங்கும்.
அது இறங்கவில்லை."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
குளியலறைக் கண்ணாடியின் முன்
முட்டிகளை உயர்த்தி நின்று
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்
என் இடது தோளை.
பயிற்சியாளர் சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை.
மூன்று கமராவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"சனிக்கிழமை எனக்கு வேலையில்லை"
என்று அனுப்பினேன்.
உடனே வந்தது: "கையுறை பத்து அவுன்சா, பன்னிரண்டா?"

பலராட் இரண்டு மணித்தியால ஓட்டம்.
கண்ணாடிகளை இறக்கிவிட்டு,
தண்ணீர் குடித்துக் குடித்துப் போவேன்.
எத்தனை கிலோ என்று
அங்கே ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.